கேட்காமல் எழுந்து போகலாம்

பேருந்து ஓட்டுகிற அந்த அம்மாவுக்கு ஒரே பெண். நான்காம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்த மூன்றாம் மாதமே அவள் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓட்டம், ஆட்டம், வாய்த்துடுக்கு எதிலும் குறைச்சல் இல்லை. சிறுநீரை அடக்கிவைக்க மட்டும் அவளால் முடியாது. வந்தால் இரண்டு நிமிடத்துக்குள் போயாக வேண்டும்.

பாடத்தின் நடுவே கேட்காமலே எழுந்து கழிப்பறைக்குப் போகலாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். தலைமையாசிரியை அதில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். அம்மா ஒருநாள் லீவு போட்டு, ஒவ்வொரு டீச்சராகத் தேடிப்போய் நகல் கொடுத்தாள். கணக்கு டீச்சர் மட்டும் இழுத்தார்.

"ஒருத்திய விட்டா நாப்பது பேரும் கிளம்பிடுவாங்களேம்மா."

"நாப்பது பேருக்கும் ஆபரேஷன் ஆகலையே டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். "சரி சரி, பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் இரண்டே வாரத்தில் தெரிந்தது. பட்டாணி எழுந்தபோது, "பெல் அடிக்கட்டும், உக்காரு" என்று அதட்டினார். கடிதம் இருக்கிறது என்று சொல்லக் குழந்தைக்கு வாய் வரவில்லை. பெல் அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கீழே ஈரம் பரவியதும் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் அம்மா டூட்டி உடுப்போடு பள்ளிக்குப் போய் நின்றாள். "பரீட்சை நேரம், மறந்தே போச்சுங்க" என்றார் கணக்கு டீச்சர். "இனிமே நடக்காது, நான் பொறுப்பு" என்றார் தலைமையாசிரியை.

அதற்குப் பிறகு ஒரு புகாரும் இல்லை. பட்டாணியின் தண்ணீர் பாட்டில் தினமும் காலியாகவே வீடு திரும்பியது. அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம், குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிப்பதாகப் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"திரும்பத் திரும்பக் கிருமி தாக்கி இடது கிட்னி சுருங்கிப் போச்சும்மா. இனி அது பழையபடி ஆகாது. பகல்ல இவ தண்ணியே குடிக்கிறதில்லையா?"

டாக்டர் போனதும் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"பாட்டில் காலியாத்தானேடி வந்துச்சு?"

"கை கழுவுற இடத்துல கொட்டிடுவேன்மா. குடிச்சாத்தானே வரும்?"

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"நீதான். வழியில எங்கயும் ஒதுங்க இடமில்ல, அதனால டூட்டியில தண்ணியே தொடறதில்லன்னு பெரியம்மாகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னியே."

ஊசி குத்தி வீங்கியிருந்த அந்தச் சின்னக் கையைத் அம்மா தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது, கேட்க வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். விஷயத்தைக் கேட்டதும் கணக்கு டீச்சர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கப்புறம் அவ எழுந்திருக்கவே இல்லையேம்மா. எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுட்டேன்."

அடுக்கி வைத்திருந்த ஒரு வார்த்தைகூட அம்மாவின் வாயிலிருந்து வரவில்லை. காலிப் பாட்டிலைப் பார்த்துப் பார்த்து அவளும் அப்படித்தானே நினைத்திருந்தாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பட்டாணி மறுபடி வகுப்புக்கு வந்ததும், கணக்கு டீச்சர் பாடத்துக்கு முன்னும் நடுவிலும் அவரே கூப்பிட்டு, "போயிட்டு வாடா கண்ணு" என்று அனுப்பினார். கிட்னி மட்டும் டாக்டர் சொன்னபடியே பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வருஷம் மாறியது. ஐந்தாம் வகுப்பு, புது டீச்சர். அம்மா கடிதத்தை நீட்டி வாயைத் திறப்பதற்குள் பட்டாணி முந்திக்கொண்டாள்.

"எனக்கு முதுகுல ஆபரேஷன் ஆச்சு டீச்சர். அடக்க முடியாது. ஒரு கிட்னி வேலை செய்யல. இன்னொண்ணப் பத்திரமா வச்சுக்கணும்."

வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஏற்ற இறக்கமே இல்லாமல் சொல்லி முடித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான் யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டேன் டீச்சர்" என்று சேர்த்துக்கொண்டாள். அதை அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை.

டீச்சர் கடிதத்தை முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போடும்வரை அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.