கருப்புக் கரைக் கடிதம்

என் அண்ணன் இன்னாசி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். ஸ்பெயினில் ஒரு துறைமுக ஊரில் பிலார் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எங்களைப் பெற்ற ஆத்தாவுக்கு அவள் பேரே ஆகாது. "அந்தக் கப்பல்காரி" என்பாள், அதோடு சரி.

அண்ணிக்குக் கடிதம் எழுதுவது நான்தான். இண்டூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர், இங்கிலீஷ் கொஞ்சம் வரும். இங்கிலீஷ் சொல்லுக்கு ஸ்பானிஷ் சொல் தருகிற குட்டி அகராதி ஒன்றை அண்ணன் கொடுத்திருந்தான். தமிழில் நினைத்து, இங்கிலீஷுக்கு மாற்றி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி வரிசையில் வைப்பேன். அண்ணி பதில் எழுதினால், அதன் அடியில் அண்ணன் தமிழில் இரண்டு வரி சேர்த்து விஷயத்தைச் சொல்லிவிடுவான்.

அந்தப் புத்தகத்துக்குள்ளேயே குடியிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும்போது மழை 'லூவியா', நிலா 'லூனா' என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நடப்பேன். வாய்க்கால் தண்ணீர் நான் பார்க்காத அந்தக் கடலுக்கே போவதுபோல் இருக்கும். கனவில் அண்ணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று ஏதேதோ கேட்பாள். எனக்கு எல்லாமே புரியும்.

எழுபத்திரண்டு ஆகஸ்டில் தபால்காரர் கிருஷ்ணப்பன் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கையில் ஸ்பெயின் உறை. நாலு பக்கமும் கருப்புக் கரை.

அப்பா வாங்கிப் பிரித்தார். உள்ளே காகிதத்துக்கும் கருப்புக் கரை. அண்ணன் எழுத்து ஒரு வரிகூட இல்லை. அப்படியே நாலாகக் கிழித்துப் போட்டார்.

"படிக்கறதுக்கு முன்னாடியே கிழிப்பீங்களாப்பா?" என்று கத்தினேன்.

"எழவுக் கடுதாசிய வூட்டுக்குள்ள கொண்டாருவாங்களா, புள்ள?" என்றார். மூன்று தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிறோம், இந்தப் பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. ஆத்தா, "ஐயோ, என் சாமி! இன்னாசி!" என்று மண்ணில் விழுந்தாள்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. துண்டுகளைப் பொறுக்கி, மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து, பழைய காலண்டரின் பின்பக்கம் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். என் அகராதியோ ஒருவழிப் பாதை. ஸ்பானிஷைக் கொடுத்து அர்த்தம் கேட்க முடியாது. இங்கிலீஷில் ஒரு சொல்லை நானாக நினைத்து, அதன் ஸ்பானிஷைப் பார்த்து, அது இந்தக் காகிதத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

முதலில் 'மரணம்' பார்த்தேன். முயெர்த்தே. இருந்தது, இரண்டாம் வரியிலேயே. அடுத்து 'கணவன்' பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. தோட்டத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்காதவரை அண்ணன் எங்கோ கடல்மேல் உயிரோடு போய்க்கொண்டிருந்தான். மாடு கத்தியதும் பக்கத்தைப் புரட்டினேன்.

மரீதோ. மரணத்துக்குப் பக்கத்தில் இல்லை. கீழே, நாலாவது துண்டில், கப்பல் என்ற சொல்லோடு சேர்ந்து இருந்தது. அப்படியென்றால் மரணத்துக்குப் பக்கத்தில் யார்? தோன்றிய உறவையெல்லாம் தேடினேன். மாத்ரே. தாய்.

"அப்பா! அண்ணன் கப்பல்ல இருக்கான்! செத்தது அண்ணியோட அம்மா!"

அந்த ஊரில் துக்கம் உள்ளவர்கள் எழுதும் எல்லாக் கடிதமும் கருப்புக் கரைக் காகிதத்தில்தான் என்பது பிறகு அண்ணன் எழுதித்தான் தெரிந்தது. அன்றைக்கு அப்பா துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நிற்கவே இல்லை.

ஆத்தா எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அறிவிருக்குதா உங்களுக்கு? அங்க ஒருத்தி பெத்தவளப் பறிகுடுத்துட்டு உக்காந்திருக்கா. புருசனும் தண்ணி மேல. இங்க என்ன இளிப்பு? எடு, அந்தப் பொஸ்தகத்த."

"என்ன எழுதட்டும், ஆத்தா?"

ஆத்தா காலண்டரில் ஒட்டியிருந்த துண்டுகளைத் தடவினாள்.

"உன் ஆத்தா இங்க இருக்கான்னு எழுது."

தேடினேன். தாய், மாத்ரே. இங்கே, அகீ. எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கா எழுது, புள்ள" என்றாள். "பயந்து கெடப்பா."

இன்னொரு முறை எழுதினேன்.