நாலாம் நாற்காலி, காலை ஏழு மணி

டயாலிசிஸ் மையத்தில் நர்ஸாக இருக்கும் அண்ணி வேலை நேரத்தில் போன் செய்கிறவள் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்குச் செய்தாள்.

"ஆந்தை, நாலாம் நாற்காலிக்கு ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் ஏழு மணின்னு உன் புரோகிராம் சீட்டு குடுத்திருக்கு. ஒருத்தர் மடியில இன்னொருத்தர உக்கார வெச்சுடவா?"

போனை எடுத்தவள் முன்பு இரவு ஷிப்டில் இருந்தபோது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஆந்தை. அந்த வேலையை விட்டுப் புரோகிராம் எழுத வந்து இரண்டு ஆண்டாயிற்று, பெயர் விடவில்லை. மையத்தின் முன்பதிவு புரோகிராம் அவள் எழுதியது. அண்ணியின் வாய்ச்சொல்லை நம்பித்தான் மேலாளர் அதை வாங்கினார். அடுத்த திங்கட்கிழமைப் பதிவிலும் இப்படி ஆனால் கையால் எழுதும் பழைய நோட்டுக்கே திரும்புவோம் என்று இப்போது சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அண்ணி அங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

இரண்டாவது ஆள் பதினோரு மணி வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

புரோகிராமைச் சரிபார்க்க அவளிடம் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் இருந்தன. எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி. நான்கே வினாடியில் ஓடி முடியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட. நிஜ டேட்டாபேஸைத் தொடாததால் வந்த வேகம் அது. சோதனைக்கென்று கணினியின் நினைவகத்தில் தற்காலிக டேட்டாபேஸ் ஒன்று முளைக்கும், முடிந்ததும் மறைந்துவிடும்.

அவள் அலுவலகத்தில் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து மேஜைத் தாடிக்காரன், மையத்தில் பதிவு எப்படி நடக்கிறது என்று கேட்டான். திங்கள் எட்டு மணிக்கு அந்த வாரத்துப் பதிவு திறக்கும், கீழே வரவேற்பிலும் மாடியில் நர்ஸ் மேஜையிலும் ஒரே நொடியில் பட்டனை அமுக்குவார்கள் என்றாள்.

"உன் சோதனையில எத்தனை மேஜை?"

"ஒண்ணு."

"தனியா ஓடி மொதப் பரிசு வாங்கியிருக்க."

சுருக்கென்றது. ஆனால் உண்மை. இரண்டு மேஜையும் ஒரே சமயத்தில் 'காலியா?' என்று கேட்டால் இரண்டுக்கும் 'காலி' என்றுதான் பதில் போகும்.

ஒரு நாற்காலிக்கு ஒரு நேரத்தில் ஒரே பெயர் என்று டேட்டாபேஸுக்கே விதி எழுதினாள். நினைவகத்தில் இருந்த தற்காலிக டேட்டாபேஸுக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்கு. விதி இருந்தும் இரண்டு பேரையும் உள்ளே விட்டது.

சும்மா கிடந்த ஒரு கணினியில் மையத்தில் ஓடும் அதே டேட்டாபேஸை ஏற்றினாள். முதலில் விதி இல்லாமல், இரண்டு மேஜையாக ஓட்டினாள். சிவப்பு. திரையில் நாலாம் நாற்காலியில் இரண்டு பெயர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் பட்ட பாம்பை அடித்துவிடலாம். விதியைச் சேர்த்தாள், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. கூடவே, பழைய பச்சைகளில் ஒன்பது இங்கே சிவப்பாயின. அவற்றைத் தீர்க்க வெள்ளி சாயங்காலம் ஆயிற்று.

சோதனை இப்போது ஆறு நிமிடம் ஓடியது. முதலாளி முகம் சுளித்தார்.

"ஆறு நிமிஷம் நாம காத்திருக்கலாம் சார். அங்க வராந்தால ஒருத்தரு நாலு மணி நேரம் காத்திருந்தாரு."

திருத்திய புரோகிராமை ஞாயிறன்று மையத்தில் ஏற்றினாள்.

திங்கள் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அண்ணி கூப்பிட்டாள். அவளும் வரவேற்புப் பெண்ணும் போனில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி வேண்டுமென்றே ஒரே நாற்காலியை அமுக்கினார்களாம்.

"எனக்கு இல்லன்னுடுச்சு. அஞ்சாம் நாற்காலி காலியா இருக்கு, வேணுமான்னு கேக்குது."

"மேலாளர் என்ன சொன்னாரு?"

"நோட்டை எடுத்துட்டுப் போய் அலமாரில வெச்சிருக்காரு. பூட்டல, ஆனா வெச்சிருக்காரு."