சாய்வாகப் போன பைப்

செந்தமிழ்ச்செல்வி டீச்சர் வீட்டு அடுப்படியில் நான்கு நாளாகக் காலை ஆறரைக்கு டிரிப்பர் விழுந்து கரண்ட் போய்க்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு மேல் தூக்கிவிட்டால் நின்றுகொள்ளும். அன்று முழுக்க விழாது. மறுநாள் ஆறரைக்கு மறுபடியும். அருள்மொழி பன்னிரண்டு வருஷமாகக் கரண்ட் வேலை பார்க்கிறவன். மணி பார்த்து விழுகிற டிரிப்பரை அவன் எங்கேயும் கண்டதில்லை. போனில் கேட்டதுமே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் ஆறேகாலுக்கே கள்ளக்குறிச்சியில் டீச்சர் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டான்.

பழைய வீடு. டீச்சர் வாங்கி மூன்று மாதத்துக்கு முன்தான் அடுப்படியையும் பாத்ரூமையும் இடித்துப் புதுசாக்கினார். கரண்ட் வேலை அருள்மொழியுடையது. பைப் வேலை அய்யப்பனுடையது.

"பாருங்க, ஓதம் எப்படி ஏறிக்கினு போவுதுன்னு." வாட்டர் ஃபில்டருக்குக் கீழே பிளக் பாயின்டைச் சுற்றி டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்திருந்ததை டீச்சர் காட்டினார். "எல்லாம் அந்த அய்யப்பன் செஞ்ச வேலை. கூப்ட்டா வந்து பாத்துட்டு, என் ஜாயின்ட்ல ஒண்ணும் இல்லன்றாரு. வடக்கனந்தல்ல ரங்கம்மா அக்கா வூடு கட்டறாங்க. அவங்களுக்கு அவரத்தான் சொல்லியிருந்தேன். இப்ப வேணாம்னுட்டேன்."

அருள்மொழி சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். ஈரச் சுவர் ஜில்லென்று இருக்கும் என்று நினைத்துத்தான் கை வைத்தான். மெல்ல மெல்லச் சூடு ஏறியது.

"டீச்சர், உள்ள யார்னா குளிக்கறாங்களா?"

"எங்க வூட்டுக்காரரு. ஏன்?"

"ஹீட்டரு போட்டுக்கினா?"

"ஆமா. தெனமும் இந்த நேரத்துக்குத்தான்."

அவனுக்குள் ஏதோ திறந்துகொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். சுடுதண்ணீர் ஓடும்போது மட்டும் கசிகிறது. ஆனால் பைப் இந்த இடத்தில் எப்படி வந்தது? பாத்ரூமில் ஹீட்டர் அந்த மூலையில் இருக்கிறது. அதிலிருந்து குழாய்க்கு நேர்கீழே இறங்கியிருந்தால், ஓதம் இரண்டடி தள்ளியல்லவா இருக்க வேண்டும்?

குளித்துக் கிளம்பிய வீட்டுக்காரரை வழியனுப்ப டீச்சர் வாசலுக்குப் போனார். அருள்மொழி ஃபில்டரைக் கழற்றிக் கீழே வைத்தான். அதைத் தாங்கிய இரண்டு ஸ்க்ரூவும் அவன் கையால் டிரில் போட்டு இறக்கியவை. இடது ஸ்க்ரூவைத் திருகினான். ஒன்றும் இல்லை. வலது ஸ்க்ரூ வெளியே வந்ததுதான் தாமதம், நூல் போல ஒரு பீச்சல் அவன் மோவாயில் அடித்தது. சுட்டது.

கை தானாக ஸ்க்ரூவைத் திரும்ப ஓட்டைக்குள் தள்ளி முடுக்கியது. தண்ணீர் நின்றது.

அவன் இறக்கிய ஸ்க்ரூவே மூன்று மாதமாக அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. சூடு ஏறும்போது பைப் இளகி, கொஞ்சம் வழி விட்டிருக்கிறது. அந்த ஈரம் நான்கு நாளுக்கு முன் கீழே பிளக் பாயின்ட் வரை எட்டியதும் டிரிப்பர் விழ ஆரம்பித்திருக்கிறது. ஸ்க்ரூவில் பசையைத் தடவி இறுக்கி, ஃபில்டரை மாட்டிவிட்டுப் போனால் இன்னும் ஆறு மாதம் தாங்கும். பழி ஏற்கெனவே வேறொருவர் தலையில் இருக்கிறது. இந்த நினைப்பு அவனுக்கு வராமல் இல்லை. வந்தது, மோவாயைத் துடைத்துக்கொண்டு அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டும் நின்றான். பிறகு மாடிக்குப் போய் ஹீட்டருக்கு வரும் வால்வை மூடினான்.

"டீச்சர், அய்யப்பண்ணன் மேல தப்பில்லைங்க. பைப்புல ஓட்ட போட்டது நானு."

டீச்சர் அவனையும் கழற்றி வைத்த ஃபில்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காதுங்க."

"நான் அந்த மனுஷன இன்னா பேச்சு பேசிட்டேன்!" என்றார் டீச்சர். கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

அய்யப்பன் ஒன்பது மணிக்கு வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். இரண்டு டைல்ஸை உடைத்து எடுத்தார்கள். உள்ளே பைப் நேராக இறங்காமல், பாதியில் சாய்ந்து ஓடி, அருள்மொழியின் ஸ்க்ரூவுக்கு நேராக வந்து நின்றது.

"ஏண்ணே இப்படி சாய்ச்சு வுட்டீங்க?"

"கல்லு தம்பி." அய்யப்பன் சுத்தியலால் உள்ளே தட்டினார். கணீரென்றது. "உளியே எறங்கல. சுத்திக்கினுதான் போவ வேண்டியதாச்சு."

அருள்மொழி டார்ச் அடித்துப் பார்த்தான். கருங்கல் பலகை, படுக்கை வாட்டில். அதற்குக் கீழே செங்கல் வரிசையே வேறு மாதிரி இருந்தது. "இங்க முன்ன ஒரு வாசப்படி இருந்திருக்குது. மேல கல்ல வுட்டுட்டு கீழ அடைச்சிருக்காங்க."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அந்த வாசல் எங்கே போனது, ஏன் அடைத்தார்கள் என்று டீச்சருக்கும் தெரியவில்லை. வீட்டை விற்றவர்களும் சொல்லவில்லை.

"பூசறதுக்கு முன்ன போட்டோ எடுத்து வெச்சிக்கங்கன்னு சொன்னனேங்க" என்றார் அய்யப்பன்.

டீச்சர் போனை எடுத்துத் தேய்த்துக்கொண்டே போனார். விரல் நின்றது. பூசாத சுவர், அதில் சாய்வாக ஒரு பைப். படம் தெளிவாக இருந்தது. "ஃபில்டர எங்க மாட்டட்டும்னு நீங்க கேட்டப்ப, இங்கன்னு கை காட்டுனதே நான்தான்" என்றார் அருள்மொழியிடம் மெதுவாக.

"உள்ள பைப் எப்படி போவுதுன்னு நான் கேக்கலைங்களே" என்றான் அருள்மொழி. "நேராத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. பைப்பை வெட்டி மாற்றுவது தன் வேலை என்று அய்யப்பன் உட்கார்ந்துவிட்டார். டைல்ஸ் அருள்மொழி பொறுப்பு. அந்த ரகம் கள்ளக்குறிச்சியில் தீர்ந்துபோயிருந்தது, தியாகதுருகத்திலும் இல்லை. உளுந்தூர்பேட்டையில் ஒரு கடையில் அதே பூ கிடைத்தது. நிறம் மட்டும் ஒரு சாயல் அதிகம். டீச்சர் தள்ளி நின்று பார்த்து, "பரவால்ல, ஒட்டுங்க" என்றார்.

"ரங்கம்மா அக்காவுக்கு நானே போன் பண்ணிடறேன்" என்றும் சொன்னார்.

அருள்மொழிக்கு அது போதுமென்று படவில்லை. டீச்சர் ஏதோ சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றுதான் ரங்கம்மாள் நினைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வடக்கனந்தலுக்குப் போனான். ரங்கம்மாள் புது வீட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். ஓஸைக் கீழே போடாமலே அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"அப்ப பைப்பு வேலைக்கு அய்யப்பனையே வரச் சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க."

"கரண்டு வேலைக்கு உன்னத்தான் கூப்ட்றதா இருந்துச்சு." அவள் ஓஸை அடுத்த குழிப் பக்கம் திருப்பினாள். "எங்க வூட்டுக்காரரு இன்னா சொல்றாருன்னு கேட்டுட்டு சொல்றேன்பா."

"சரிங்க" என்றான். அவளிடமிருந்து போன் வராமலும் போகலாம். வண்டியை எடுக்கும்போது அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

பஸ் ஸ்டாப் தாண்டியதும் அய்யப்பனிடமிருந்து போன். "தம்பி, டீச்சர் வூட்ட வித்தவங்களோட சித்தப்பாவ இன்னிக்கி சந்தையில பாத்தேன். அந்த வாசல ஏன் அடைச்சாங்கன்னு கேட்டேன்."

அருள்மொழி வண்டியை ஓரம் கட்டினான். "இன்னா சொன்னாரு?"




"அண்ணன் தம்பி பாகம் பிரிச்சாங்களாம். அந்தப் பக்கம் தம்பியோடதாம். அப்புறம் ராசியாயிட்டாங்க, ஆனா வாசல மட்டும் யாரும் தெறக்கலையாம்" என்றார் அய்யப்பன்.