ஆறு மணிக் கொடி

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசிக் கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிறவனை யாரும் பெரிய ஆளாக நினைப்பதில்லை. கூட வருகிறவர்களை நாலு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிற நாலு மணிக் கொடி என்றால் ஓரத்தில் நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஐந்து மணிக் கொடிக்குக்கூடக் கை தட்டுவார்கள். ஆறு மணிக் கொடியைப் பார்த்தால், பாவம் என்று ஒரு வாழைப்பழத்தை நீட்டுவார்கள். ஆனால் அந்த ஓட்டத்திலேயே மிகவும் கறாராக ஓட வேண்டியவன் அவன்தான். ஆறு மணி நேரம் முடிந்ததும் முடிவுக் கோட்டை மூடிவிடுவார்கள். கொடிக்கு முன்னால் வருகிறவர்களுக்குப் பதக்கம். பின்னால் தங்கிவிட்டவர்களுக்கு வேன். கடைசிக் கொடிக்குச் சொந்தமாக எந்த வேகமும் இருக்கக் கூடாது. முன்னே பின்னே ஒரு நிமிஷம் போனாலும் யாரோ ஒருவருடைய பதக்கம் போய்விடும்.

இதெல்லாம் தெரிந்துதான் லெவல் அந்த வருஷம் கொடியை வாங்கினான். லெவல் என்பது ஓட்டக் குழுவில் அவனுக்கு வைத்த பெயர். தொழில் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் தரையும் கட்டிடத்தின் தரையும் ஒரு நூல் ஏறி இறங்கி நின்றாலும் விடமாட்டான். மண்டியிட்டு உட்கார்ந்து, ஸ்கேலை வைத்துப் பார்த்து, மறுபடி மேலே ஏறிப் போய்ச் சரிசெய்வான். அப்படிப்பட்டவன் கையில் கொடியைக் கொடுத்தால் கவலையில்லை என்று குழுவினர் நினைத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அவனுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குடைச்சல். ஐந்து வருஷம் முன்பு நாலு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தவன். இடுப்பில் ஒரு நரம்பு பிசகியதிலிருந்து வேகம் போய்விட்டது. “கடைசிக் கொடியா? சரி, சரி, யாராவது செய்யணும்ல” என்று ஐந்தரை மணிக் கொடி தூக்கும் டிராயிங் மாஸ்டர் சொன்னபோது சிரித்து வைத்தான். சிரித்தானே தவிர, அது சுருக்கென்று தைத்து உள்ளேயே தங்கிவிட்டது.

அவன் கொடியை வாங்கியதற்கு உண்மையான காரணம் அக்கா. ஐம்பத்தொரு வயது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபது வருஷமாக ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி முட்டி இரண்டும் தேய்ந்து போயிருந்தன. தம்பி ஓடுவதைப் பார்த்து அவளும் ஓட ஆரம்பித்து, பத்து கிலோமீட்டர் ஓடி, இருபத்தொன்று ஓடி, முழு ஓட்டத்துக்கு எட்டு மாதம் தயாரானாள். ஓட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வலது முட்டியில் ஆபரேஷன், அதற்குப் பிறகு ஓட்டம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். “அப்ப இந்த ஒரு தடவைதான்” என்றாள் அக்கா. சலவைப் பிரிவில் பதினாறு பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமை பதக்கத்தைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவேன் என்று சவால் விட்டிருந்தாள்.

அவளுக்கு வாட்ச் வேண்டாம் என்று சொன்னது லெவல்தான். “அதைப் பார்த்துப் பார்த்தே நீ பதறுவே. என் கொடியைப் பாரு. கொடி கண்ணுல பட்டுட்டே இருந்தா நீ பாஸ். அவ்ளோதான்.”

“கொடி கண்ணுல படலைன்னா?”

“படும்க்கா. நான் எங்க போயிடப் போறேன்?”

காலை ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கும்போதே தூறல். ஏழு மணிக்கு அது மழையானது. எட்டு மணிக்குக் காற்றும் சேர்ந்துகொண்டு, துறைமுகச் சாலையில் எதிரே நிற்கிறவன் முகம் தெரியாத அளவுக்கு அடித்தது. தடுப்புக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகள் சாலையில் உருண்டன. தண்ணீர் தருகிற மேசையில் டம்ளரை வைத்தால் பறந்துவிடுகிறது என்று ஆட்கள் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. முதுகுக் கொடி நனைந்து, காற்று வரும்போதெல்லாம் அவனைப் பின்னால் பிடித்து இழுத்தது.

பாதி தூரம் வரை லெவல் பிசகாமல்தான் ஓடினான். கூட ஒன்பது பேர். அக்கா அவனுக்கு வலது பக்கம், மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தால் தண்ணீர் போகிறது என்று மூக்கால் பேசிக்கொண்டு வந்தாள். “இந்த மழைக்கு எங்க போர்வை எல்லாத்தையும் ரோட்டுல போட்டா சோப்பு செலவே இல்ல” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

இருபத்தாறாவது கிலோமீட்டரில் சாலை திரும்பி எதிர்ப்பக்கமாக வருகிறது. அங்கே முன்னால் போனவர்கள் எதிரே வருவார்கள். ஐந்தரை மணிக் கொடியுடன் டிராயிங் மாஸ்டர் எதிரே வந்தார்; பின்னால் இருபது பேர். “என்ன லெவலு, ஊர்வலமா? மெதுவா வாங்க, பொன்னாடை வாங்கி வைக்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கூட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. நனைந்து நடுங்குகிறவர்கள் எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பார்கள்.

ஆனால் லெவலின் கால் அதற்குப் பிறகு தானாக நீள ஆரம்பித்தது. குளிருகிறது, கொஞ்சம் வேகமாகப் போனால் உடம்பு சூடாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எதிர்க்காற்று இன்னும் வரப்போகிறது, இப்போதே இரண்டு நிமிஷம் சேர்த்து வைத்தால் நல்லதுதானே என்றான். மனுஷனுக்கு ஒரு தப்பைச் செய்ய வேண்டும் என்று வந்துவிட்டால் காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும். முப்பதாவது கிலோமீட்டரில் வாட்சைப் பார்த்தான்: ஐந்து நிமிஷம் முன்னால் இருந்தான். கூட இருந்த ஒன்பது பேரில் மூன்று பேர்தான் மிச்சம். முப்பத்துமூன்றில் எட்டு நிமிஷம். கூட யாருமில்லை. இடுப்பு வலிக்கவில்லை. வருஷக் கணக்கில் வராத மூச்சு வந்தது. அந்த மழையில் அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதுதான் உண்மை. அதை நினைத்துத்தான் பின்னால் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

முப்பத்தைந்து தாண்டி, கிடங்குகளின் நீளச் சுவர் முடிகிற வளைவில், திரும்பிப் பார்த்தான். மழைக்கு நடுவே தூரத்தில் மஞ்சள் தொப்பி தெரிந்தது. அக்கா ஓடவில்லை, இழுத்து இழுத்து ஓடுவதுபோல் நடந்தாள். அவனைப் பார்த்ததும் ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கி அசைத்தாள். நில்லு என்கிற கை அது. சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது முன்னால் ஓடுகிற தம்பியைப் பார்த்து அவள் காட்டிய அதே கை. அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

வாட்சைப் பார்த்தான். பதினோரு நிமிஷம் முன்னால். அங்கேயே நின்று, ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்திருந்தால் போதும். அக்கா வந்து சேர்ந்திருப்பாள். ஆனால் வளைவுக்கு அந்தப்பக்கம் போட்டோ எடுக்கிறவன் பிளாஸ்டிக் உறைக்குள் கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தான். நிற்கிற கொடியைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு, திரும்பி, வளைவைத் தாண்டினான்.

முடிவுக் கோட்டை அவன் தொட்டபோது, ஓட்டம் தொடங்கியதிலிருந்து எண்ணுகிற பெரிய கடிகாரம் ஐந்து மணி நாற்பத்தாறு நிமிஷம் காட்டியது. பதினான்கு நிமிஷம் மிச்சம். மைக் பிடித்திருந்தவர், “இதோ நம்ம ஆறு மணிக் கொடி!” என்று கத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார், அவனுக்குப் பின்னால் இருந்த காலிச் சாலையைப் பார்த்தார். பிறகு மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, “உங்க ஆளுங்க எங்க சார்?” என்று கேட்டார். தள்ளிப் பிடித்தும் அது ஒலிபெருக்கியில் கேட்டது.

லெவலுக்கு அப்போதுதான் குளிர ஆரம்பித்தது.

கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று சாலையைப் பார்த்தான். ஒருவர், இருவர் என்று வந்தார்கள். எல்லாரும் கையில் வாட்ச் கட்டியவர்கள். ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவர் ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வந்து சேர்ந்தார். பதக்கத்தைக்கூட வாங்காமல் நேராக இவனிடம் வந்தார்.

“யோவ், நீ எந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஓடினே? நான் என் வாட்சை நம்பினேன், தப்பிச்சேன். உன்னை நம்பினவங்க எல்லாம் வேன்ல ஏறிட்டாங்கய்யா.”

 லெவல் கொடியை முதுகிலிருந்து கழற்றி, சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஆறு மணி நேரம் முடிந்தது. கோட்டின் குறுக்கே ரிப்பனைக் கட்டினார்கள். பத்து நிமிஷம் கழித்து வேன் வந்தது.

ஏழு பேர் இறங்கினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியாக அக்கா, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மடக்காமல் இறங்கினாள். தோளில் யாரோ கொடுத்த துண்டு. லெவல் அவளைக் கூடாரத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சூடான டீயைக் கையில் கொடுத்தான். அவள் முதலில் பேசியதைக் கேட்டதும் அவனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“மன்னிச்சிருடா தம்பி. எட்டு மாசம் எனக்காக உசிரை விட்டே. நான்தான் உன் பேரைக் கெடுத்துட்டேன்.”

“அக்கா...”

“முட்டி ரொம்ப மோசமில்லடா. இன்னும் ஓடியிருப்பேன். ஆனா உன் கொடி போயிடுச்சு. வேன்காரரும் பக்கத்துல வந்து, கொடி தாண்டிடுச்சும்மா, டைம் முடிஞ்சுது, ஏறிக்கோங்கன்னாரு. தம்பி தப்பா ஓடமாட்டான், நாமதான் லேட்டுன்னு ஏறிட்டேன்.”

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே கேவலமாக இருந்தது. சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, டீ டம்ளரைப் பார்த்துச் சொன்னான்.

“நீ லேட் இல்லக்கா. நான்தான் வேகமாப் போயிட்டேன். பதினாலு நிமிஷம் முன்னாடியே முடிச்சுட்டேன்.”

அக்கா டீ டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். மழை கூடாரத்தின்மேல் கொட்டியது.

“அப்ப வேன்ல ஏறும்போது எனக்கு டைம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எவ்வளவு?”

“ஆறு மணிக் கணக்குக்கு நீ அப்ப ஏழெட்டு நிமிஷம் முன்னாடிதான் இருந்தே. பாதி நடந்து பாதி ஓடியிருந்தாக்கூட வந்திருப்பே.”

“நான் கை காட்டினேனே. பார்த்தியா?”

“பார்த்தேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தான். கன்னத்தில் ஒன்று விட்டாலும் வாங்கிக்கொண்டிருப்பான். அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். மழைத் தண்ணீரா வேறா என்று பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மகள். வெளியூரில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். அக்காவின் விரல்கள் விறைத்துப் போயிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

“அம்மா, என்னாச்சு? லிஸ்ட்ல உன் பேரே காணோம்.”

“முடியலம்மா. முட்டி பிடிச்சுக்கிச்சு. முப்பத்தாறுல வேன்ல ஏறிட்டேன்.”

“ஐயோ. மாமா கூட இல்லையா? அவர் இழுத்துட்டு வந்திருக்கலாம்ல?”

“மாமா என்னடி பண்ணுவார்? அவர் கையில கொடி இருக்கு. அவர் பாட்டுக்கு டயத்துக்குப் போகணும். எனக்காக நின்னா மத்தவங்க கதி என்ன? அவர் மேல ஒரு தப்பும் இல்ல.”

லெவல் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இவன் இப்போது என்ன செய்யப்போகிறான் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

“மாமா பக்கத்துல இருக்காரா? குடும்மா.”

அக்கா போனை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“மாமா, இந்த மழையில கொடியைத் தூக்கிட்டு முழுசா முடிச்சிருக்கீங்க. சூப்பர் மாமா. வாழ்த்துகள். அம்மாவைத் திட்டாதீங்க, பாவம், அவங்களால முடிஞ்சது அவ்வளவுதான்.”

வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அக்காவிடம் சொன்ன அதே வரி. கூடாரத்தில் போஸ்ட்மேன் நின்றிருந்தார், டிராயிங் மாஸ்டர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார், ஸ்பீக்கர் திறந்தே இருந்தது.

“தேங்க்ஸ்டா” என்றான்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மகளிடம், வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தாள். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்தாள். அவன் பிடிக்க வந்தபோது, “வேணாம், நான் மெதுவா வர்றேன். நீ போ” என்றாள்.

அவன் போகவில்லை. அவளுக்குப் பின்னால், அவள் நடக்கிற வேகத்துக்கே, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தான். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.