ஜாடிக்கு ஒரு சொட்டு பசை

மாரீஸ்வரன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து ஒரு டம்ளர் டீ போட்டான். ஜன்னலோரக் கண்ணாடி ஜாடியில் வற்றிய அளவுக்குக் கேன் தண்ணீர் விட்டான். வெள்ளைப் பாட்டிலிலிருந்து சத்து உப்புக் கரைசல் இரண்டு சொட்டு. ஏழேகாலுக்குத் திருத்தங்கல் பஸ். நான்கு மாதமாக இதுதான்.

ஜாடி நாகஜோதியுடையது. அவன் மனைவி, விருதுநகரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள். வெம்பக்கோட்டை அணையில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டுவந்து டயாட்டம் வளர்த்தாள். கண்ணுக்குத் தெரியாத பாசி. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிகாவை உறிஞ்சி, உடம்புக்குள்ளேயே ஒரு சின்னப் பைக்குள் வார்த்து, ஓட்டை ஓட்டையாகக் கோலம் போட்டு, வெளியே தள்ளிச் சுவராக்கிக்கொள்ளும். கண்ணாடிச் சுவர்.

"உங்க பட்டாசு கிப்ட் பாக்ஸ் மாதிரிதான். மேல மூடி, கீழ அடி" என்றாள் ஒருநாள். அவன் வேலை பார்ப்பது அந்த அட்டைப்பெட்டி கம்பெனியில்தான். "ரெண்டா பிரியும்போது ஆளுக்கு ஒரு பாதிய எடுத்துக்கிடும். எடுத்தத மூடியா வச்சு, உள்ள புதுசா அடி கட்டும்."

"பழைய அடிய எடுத்தவன் மூடியே சின்னதாச்சே?"

"ஆமா. அவன் வம்சம் சிறுத்துக்கிட்டே போகும்."

"எங்க மொதலாளியும் தீவாளிக்குத் தீவாளி அதத்தான் செய்றாரு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு டெங்கு. ஆறே நாள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் பத்திரகாளி கேட்டபோது, "அம்மாவப் பாத்துக்கோங்கன்னா" என்றான். வீடே அழுதது. அவள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதை அன்று சொல்லியிருக்க முடியாது.

இப்போது ஜாடி வெளுத்துக்கொண்டே வந்தது. பொன்பழுப்பாக இருந்த தண்ணீர் கஞ்சித் தெளிவாகிவிட்டது. அவள் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். அவளுடைய நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினான். கடைசிப் பக்கத்தில் இருந்தது: 'சிலிகேட் தீர்ந்துவிட்டது. வாங்கணும். இல்லாவிட்டால் சுவர் கட்டாது. சுவர் இல்லாமல் பிரியாது.' அவன் நான்கு மாதமாக உப்பைப் போட்டிருக்கிறான், சிலிகாவைப் போடவில்லை. வந்த விருந்தாளிக்கு ஊறுகாயை வைத்துவிட்டுச் சோற்றை மறந்த கதை.

சிலிகேட்டுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. கம்பெனியில் அட்டை ஒட்டும் பசையே அதுதான். கேட்டால் விளக்கம் சொல்லவேண்டும். சொல்ல அவனுக்கு வாய் வராது. மதியம் தண்ணீர் பாட்டிலில் கால்வாசி ஊற்றிக்கொண்டான்.

"ஏலே மாரி, பசைய எங்கலே கொண்டுபோற?" பின்னால் சங்கையா. பசை மெஷின் அவர் பொறுப்பு.

"வீட்டுக்குண்ணே."

"வீட்ல எதலே ஒட்டப்போற?"

மாரீஸ்வரன் பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். அதுதான் தப்பாகிவிட்டது. சங்கையாவின் முகம் மாறியது.

"அடேய், அதக் குடிச்சாச் சாவு வராதுலே. வாய் வெந்து ஒட்டிக்கிடும். பெறவு ஒனக்குச் சோத்த எங்குட்டு ஊட்டுறது?"

"குடிக்க இல்லண்ணே. ஒரு வேலை இருக்கு."

அவர் நம்பவில்லை. ஆமத்தூரில் இருந்த பத்திரகாளிக்குப் போன் போட்டார். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது பத்திரகாளி வாசலில் விளக்குமாற்றோடு நின்றாள்.

"மொதல்ல வாயத் தொறங்க மாப்ளே."

திறந்தான். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பாட்டிலைப் பிடுங்கினாள்.

"எனக்கில்ல அத்தை. ஜாடிக்கு."

"பாசிக்குப் பசையா?"

"சுவர் கட்ட."

அவள் அவனையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். மருமகனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டி, அங்கேயே தங்கிவிட்டாள். பாட்டில் டிரங்குப் பெட்டிக்குள் போனது. சாவி அவள் இடுப்பில். காலையில் அவளே எடுத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பசை கலக்கி, அதில் ஒரு ஸ்பூன் ஜாடிக்கு விடுவாள். மிச்சத்தை அவன் தொடுமுன் சாக்கடையில் ஊற்றிவிடுவாள்.

மூன்றாம் வாரம் ஜாடி நிறம் மாறியது. முதலில் வெளிர் மஞ்சள். பிறகு பழுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னாக மின்னியது.

அடுப்படியில் கடுகு வெடிக்கும் சத்தம். மாரீஸ்வரன் எழுந்து வந்தான். ஜன்னலோரம் காலி. ஜாடி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பத்திரகாளி கையில் தாளிப்புக் கரண்டி.

"அத்தை! அதுல ஊத்தீராதீக!"

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? சன்னலத் தொடைக்க எடுத்து வச்சேன்." பக்கத்து ரசச் சட்டியில் கொட்டினாள். சொய்ங்.

அவன் சிரித்தான். நின்றபாடில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணில் நீர் வந்தது. இத்தனை மாதத்தில் வராத நீர்.

பத்திரகாளி அடுப்பை அணைத்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாப்ளே. அம்மாவப் பாத்துக்கோங்கன்னு எம்மவ சொல்லிருக்க மாட்டா. அவள எனக்குத் தெரியாதா? நெசமா என்ன சொன்னா?"

மாரீஸ்வரன் முகத்தைத் துடைத்தான். மதுரை ஆஸ்பத்திரியில், கட்டிலோடு அவளை ஐ.சி.யு.வுக்குள் தள்ளிக்கொண்டு போனபோது தலையைத் தூக்கிச் சொன்னாள். அதை அப்படியே சொன்னான்:

"ஏங்க, எங்கம்மா வந்தா ஜாடிய ஒளிச்சு வைங்க. ரசம்னு நெனச்சுத் தாளிச்சிரும்."