முன்னாள் மனைவி மாட்டிய பிரேக்

எரிக்கின் இரண்டாவது கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவனுடைய சிவப்பு எம்.ஜி. காரின் பிரேக் பேடுகள் தேய்ந்து கிரீச்சிட ஆரம்பித்தன. இரண்டே சீட், மேலே கூரை கிடையாது, வயது ஐம்பத்தாறு. எரிக்குக்கு ஐம்பத்தேழு. மாதா கோயிலில் கல்யாணம் முடிந்ததும் அதில்தான் பெண்ணோடு மண்டபத்துக்குப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அந்தக் காரை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் ஜூலியா. அவனுடைய முதல் மனைவி.

பதினாறு வருஷக் குடித்தனத்தில் எரிக் காரைத் துடைத்தான், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். அடியில் படுத்ததெல்லாம் ஜூலியா. இருவரும் பிரிந்த பிறகு, அந்தக் கல்யாணம் செல்லாது என்று திருச்சபை தாள் கொடுக்க ஆறு வருஷம் ஆனது. இங்கிலாந்திலிருந்து பிரேக் பேட் ஆறே நாளில் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஜூலியா ஜோகுபாளையத்திலிருந்து எரிக் வீட்டுக்கு டூல் பெட்டியோடு வந்தாள். வாசலில் கல்யாணப்பெண் சாந்தகுமாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பேங்க் வேலை, வயது ஐம்பது.

"நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றாள் ஜூலியா.

"நான் கட்டிக்கப்போறவரோட பிரேக்கை அவர் பழைய சம்சாரம் கழட்டுறாங்க. நான் வீட்ல தூங்கிட்டிருக்கணுமா?"

ஜூலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நியாயம்தான். ஆனா இவன கொல்றதுக்கு பிரேக் எதுக்கு மா? பதினாறு வருஷம் சமையல் நான்தானே பண்ணேன்? வா, ஜாக்கியப் புடி."

முன்சக்கரங்களைக் கழற்றினார்கள். பழைய பேடுகள் டீயில் ஊறிய பிஸ்கட் போலக் கரைந்து போயிருந்தன. புது பேடுகள் தடிமன். அவற்றுக்கு இடம் வேண்டுமென்றால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். சாந்தகுமாரி தள்ளிப் பார்த்தாள்.

"அசையவே மாட்டேங்குது."

"எரிக் மாதிரிதான். விடாம அழுத்திட்டே இரு, தானா போகும். குறட்டை விடுவான், தெரியுமா?"

"தெரியாதே."

"இடது பக்கம் புரட்டிப் போடு. நின்னுடும்."

சக்கரங்களை மாட்டி முடித்ததும் சாந்தகுமாரி ஆசையாக டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஜூலியா அழுக்குக் கையைத் தூக்கி எச்சரித்தாள்: "கை கழுவிட்டு வர்றேன். யாரும் வண்டிய எடுக்கக்கூடாது. பெடலை பத்து தரம் மிதிச்சு பிரஷர் ஏத்தணும். அதுவரைக்கும் பிரேக்கே கிடையாது."

வீட்டுக்குள் கல்யாணச் சமையல்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்த எரிக்கின் காதில் இது விழவில்லை. போனை வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"முடிஞ்சிதா? சக்கத், சூப்பர்!"

"இருங்க, ஜூலியா இன்னும்..." என்று சாந்தகுமாரி வாயைத் திறப்பதற்குள் ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். வாசலைத் தாண்டினால் தெரு சரிவு. கார் உருண்டது. எரிக் மிதித்தான். பெடல் தரையைத் தொட்டது.

"ஐயோ, கொல்றா! ஜூலியா என்னைக் கொல்றா!" என்று தெருவே கேட்கக் கத்திய எரிக், ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

சாந்தகுமாரி, பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். கார் வேகம் தணிந்து, எதிர்வீட்டு மணல் குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது. ஒரு கீறல்கூட இல்லை.

சோப்பு நுரைக் கையோடு ஜூலியா வந்தபோது சாந்தகுமாரி டிரைவர் பக்கம் போய் நின்றிருந்தாள்.

"எறங்குங்க."

எரிக் இறங்கினான். அவள் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். ஏழாவது மிதியில் பெடல் கெட்டியானது. பத்து வரைக்கும் மிதித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"என்கிட்ட யாருமே சொல்லல," என்றான் எரிக்.

"சொன்னோம். நீ ஐஸ்கிரீமு வெனிலாவா ஸ்ட்ராபெரியான்னு கத்திட்டிருந்த," என்றாள் ஜூலியா.

அவள் கிளம்பும்போது சாந்தகுமாரி ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். "கண்டிப்பா வரணும்."

"இவன் கல்யாணத்துக்கு ஏற்கெனவே ஒருவாட்டி போயிருக்கேன் மா. போதும்."

புதன்கிழமை கோயில் வாசலில் சாந்தகுமாரி வெள்ளைப் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். எரிக் பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டினான். அல்சூர் சிக்னலில் திடீரென்று சிவப்பு விழுந்தது. அவள் மிதித்தாள். கார் சத்தமில்லாமல் கோட்டுக்கு முன்னால் நின்றது. மாப்பிள்ளை மட்டும் நிற்காமல் போய்க் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டான்.