கலினாவின் அம்மா இருந்த நாடு

மதிய இடைவேளையில் கலினா தன் காரின் ஹீட்டரை நிறுத்தினாள். போன் திரையில் அவளுடைய அம்மா கோட்டும் கம்பளித் தொப்பியுமாகச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். பேசும்போது குளிரில் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சூட்டில் இருக்கத் தன்னால் முடியவில்லை என்றாள் கலினா. பக்கத்து இருக்கையிலிருந்த திரேசா கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். இருவரும் அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் என்ற ஊரில், ஒரே மருத்துவமனையில் நர்சுகள்.

கலினாவின் ஊர் திராஸ்போல். கிழக்கு ஐரோப்பாவில் மால்டோவாவுக்குள் இருக்கிறது, ஆனால் மால்டோவா இல்லை. சோவியத் உடைந்தபோது அங்கே ஓடும் ஆற்றின் அக்கரைப் பகுதி சண்டை போட்டுத் தனி நாடென்று பிரிந்துகொண்டது. தனிக் கொடி, தனிப் பணம், தனிப் போலீஸ் எல்லாம் உண்டு. உலகத்தில் எந்த நாடும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வீடுகளைச் சூடாக்கிய ரஷ்ய எரிவாயு புத்தாண்டோடு நின்றதும் வீடுகள் உறைந்துபோயின. தம்பி செர்கெய் ஆற்றுக்கு இக்கரையில், மால்டோவாவின் தலைநகரில், சூடான வீட்டில் இருக்கிறான். காரோடு போய்க் கூப்பிட்டிருக்கிறான். அது வேறு நாடு, வரமாட்டேன் என்றிருக்கிறாள் அம்மா. உன் நாடென்று ஒன்று இல்லவே இல்லை என்று அவன் கத்த, அப்படியானால் முப்பது வருடமாக நான் எங்கே இருந்தேன் என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

திரேசாவுக்கு அந்தக் கதவைத் தெரியும். கிளிநொச்சியில் தனி ஆட்சி நடத்திய இயக்கத்தின் நீதிமன்றத்தில் அவளுடைய அப்பா எழுத்தராக இருந்தார். சண்டை நெருங்கியபோது கொழும்புக்கு வரச்சொல்லி இவள் போனில் அழுதாள். இது எங்கட நாடு, விட்டிட்டு எங்க போறது என்றார். அதற்குப் பிறகு அவர் குரலை அவள் கேட்கவில்லை.

அன்று மாலை கணவன் சிறீஸ்கந்தராசாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி நிமிராமலே, "எங்கட கதையைச் சொல்லி அந்த மனுசியைப் பயப்படுத்தாதையும்" என்றார்.

"பயந்தாவது வரட்டும்."

மறுநாள் அதே காரில், போன் திரையிலிருந்த கலினாவின் அம்மாவிடம், திரேசா தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கலினா வாக்கியம் வாக்கியமாக ரஷ்ய மொழிக்கு மாற்றினாள். அம்மா குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு கலினாவை விட்டுத் திரேசாவை நேராகப் பார்த்து ஏதோ கேட்டாள். கலினா சற்றுத் தயங்கித்தான் சொன்னாள்.

"உன் அப்பாவுடைய நாடு இப்போது இருக்கிறதா என்று கேட்கிறாள்."

இல்லை என்று திரேசா தலையசைத்தாள்.

அம்மா போனை மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். திரையில் இப்போது சமையலறைக் கூரையும் மங்கலான ஒரு பல்பும் மட்டும். எங்கோ அலமாரி திறக்கும் சத்தம். பெட்டி கட்டுகிறாளா, போர்த்திக்கொள்ள இன்னொரு கம்பளி தேடுகிறாளா, தெரியவில்லை. கலினா அம்மாவைக் கூப்பிடவில்லை. பல்பு ஒருமுறை அணைந்து, மறுபடி எரிந்தது.